பர்சோ வந்துபோன சேவியர்

2012 டிசம்பர், சனிக்கிழமை மாலை ஆறு பத்துக்குச் சென்னை சென்ட்ரலில் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறினேன். காரணம் ஹைதராபாத்தில் இருக்கும் என் பழைய அறைத்தோழன் முருகேசனின் ஒரு போன். "சேவியர் பர்சோதான் வீட்டுக்கு வந்துட்டுப் போனான்டா, உன்னைக் கேட்டான்" என்றான். பர்சோ என்றால் முந்தாநாள், அந்த அளவுக்கு எனக்கும் இந்தி தெரியும். அடுத்த மாதம் குடும்பத்தோடு கனடா போகிறேன், திரும்பும் எண்ணமில்லை. அதற்குள் நாங்கள் மூன்று பேரும் ஒரு தடவை சேர்ந்து உட்கார்ந்துவிட வேண்டும். சேவியரின் பழைய எண் செத்துப் பல வருஷம் ஆகிறது. தட்காலில் பக்கவாட்டு மேல் பெர்த் கிடைத்தது, தூக்கம் கிடைக்கவில்லை.

ஞாயிறு காலை ஏழரைக்குச் செகந்திராபாத். ஹப்சிகுடா ஏழு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய். மெட்ரோவுக்காகச் சாலையின் நடுவில் தோண்டிப் போட்டிருந்தார்கள். டிரைவர் தெலுங்கில் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே வந்தார், நானும் தமிழில் கூடவே திட்டினேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த எங்கள் அறையைத் தேடினேன். கட்டடத்தையே காணோம்.

1999இல் அங்கிருந்துதான் அமீர்பேட்டைக்கு ஜாவா படிக்கப் பஸ் ஏறுவோம். மாசக் கடைசியில் ஒரே ஒரு பீர், மூன்று எவர்சில்வர் டம்ளர். சேவியர் விரலை விட்டு அளந்து ஊற்றுவான், அந்த விரலையும் சப்பிக்கொள்வான். எனக்கும் அவனுக்கும் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. முருகேசன் ஜாவாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் நொதிக்கும் பிரிவில் சேர்ந்தான்.

பக்கத்துத் தெருவிலேயே குடியிருக்கும் அவன் அந்த வித்தையை இப்போது வீட்டுச் சமையலறையில் காட்டுகிறான். பெங்களூரில் கடையிலேயே பீர் காய்ச்சி ஊற்றுகிறார்களாம், இங்கே இன்னும் அனுமதி இல்லையாம், அதனால் ஐயாவே காய்ச்சுகிறார். பதினோரு மணிக்குப் பாட்டிலைத் திறந்தான். நான் மூன்று கண்ணாடித் தம்ளர்களை எடுத்து வைத்தேன். கலங்கலான மஞ்சள், மேலே கெட்டி நுரை, கசப்பு போனதும் ஆரஞ்சுத் தோல் வாசம். பிரமாதமாக இருந்தது. எனக்கு என்னவோ அந்த நாளைய வெதுவெதுப்பான கண்றாவி பீர்தான் வேண்டியிருந்தது. அந்த வயசு வேண்டியிருந்தது.

நிமிஷத்துக்கொரு தரம் வாசலைப் பார்த்தேன். சேவியர் எப்போது வருவான் என்று நான்காம் முறை கேட்டபோது முருகேசன் முழித்தான். அவன் மனைவி லதா செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். அவர்தான் சிரிக்கத் தொடங்கினார்.

"அண்ணா, பர்சோன்னு இவரு சொன்னத நம்பியா ரயில் ஏறினீங்க? இங்க போன வாரமும் பர்சோதான், என் கல்யாணமும் பர்சோதான். சேவியர் அண்ணா வந்தப்போ பெரியவ வயித்துல இருந்தா."

பெரியவள் உள்ளே ஒன்றாம் வகுப்பு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

அப்போது சேவியர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போகிற வழியில் எட்டிப் பார்த்தானாம். எண் கிண் எதுவும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி ஏசினேன். எண்ணூறு கிலோமீட்டர்டா, ஒரு சொல்லை நம்பி வந்தேன்டா என்றேன். முருகேசன் கடைசிவரை கேட்டுவிட்டு, காலியாக இருந்த மூன்றாவது தம்ளரில் ஊற்றி என் பக்கம் தள்ளினான்.

"ஏமாத்தணும்னு சொல்லலடா. நீ ரூமைக் காலி பண்ணிட்டுப் போனதே எனக்குப் பர்சோ மாதிரிதான் இருக்கு."

சேவியர் பங்கை நான்தான் குடித்தேன்.

மாலை ஏழு மணி வண்டிக்கு அவனே ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டான். சென்னையில் முந்தாநாள் என்றால் முந்தாநாள்தான், நாங்கள் சுத்தமான ஆட்கள் என்று மனசுக்குள் கருவிக்கொண்டே ஏறினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் கேட்டான், கனடாவிலிருந்து எப்போது வருவாய் என்று.

"சீக்கிரம் வரேன்டா."

"சீக்கிரம்னா?" என்று கேட்டுக்கொண்டே கூட நடந்தான். வண்டி வேகம் எடுத்துவிட்டது.