நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துச் சீட்டு

அந்த நூலகத்தில் எல்லோரும் அவளைக் கீழ்த்தளத்து அக்கா என்றுதான் சொல்வார்கள். அரசு வெளியீடுகள் பிரிவு அங்கேதான் இருந்தது. சட்டசபை விவாதங்கள், கணக்கெடுப்புத் தொகுதிகள், விசாரணை அறிக்கைகள். கூரையை ஒட்டித் தண்ணீர்க் குழாய் ஓடியதால், பாதி அலமாரிகளுக்குப் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு வைத்திருந்தாள். நாளைக்கு நாலு பேர் வந்தால் கூட்டம். அதிலும் இரண்டு பேர் கழிப்பறைக்கு வழி கேட்க வந்தவர்களாக இருப்பார்கள்.

"யாரும் படிக்காத புஸ்தகத்துக்கு எதுக்கு அண்ணி பூட்டு?" என்று நாத்தனார் சிரிப்பாள்.

அவள் வேலையைப் பற்றித் தெரிந்தவர்கள் இருந்தது ஒரு மின்னஞ்சல் குழுவில்தான். அவளைப் போலவே அரசு ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் முந்நூறு நூலகர்கள், ஊருக்கு ஒருவராக. இந்த அரசாணையின் இணைப்பு யாரிடம் இருக்கிறது, பெயர் மாறிய துறையை எந்த வகைப்பாட்டு எண்ணில் வைக்கிறீர்கள் என்றெல்லாம் பேசிக்கொள்வார்கள். ஆறு வருடம் ஒரு கடிதம் விடாமல் படித்தாள். ஒரு வரி எழுதியதில்லை.

"அங்க எல்லாம் பெரிய ஆளுங்க. நான் என்னத்தச் சொல்ல?" என்பாள் கணவரிடம்.

ஒரு திங்கட்கிழமை, வேறோர் ஊர் நூலகர் குழுவில் ஒரு கேள்வி போட்டார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஆலையில் பாய்லர் வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். பாய்லரை இயக்கியவரும் அதில் ஒருவர். வெடித்த நேரத்தில் அவர் பணியிடத்தில் இருந்திருக்கவில்லை என்கிறது விசாரணை அறிக்கை. பழி முழுவதும் அவர் தலையில் விழுந்தது. ஆனால் அதே அறிக்கையில் ஒரு சாட்சி, அவர் கடைசிவரை வால்வைத் திருகிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொல்கிறார். பாய்லரை இயக்கியவரின் மகள் வாராவாரம் வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போகிறாள். வேறு பதிப்பு ஏதும் உண்டா?

பதினோரு பேர் தங்கள் பிரதியைப் பார்த்துவிட்டு, இங்கேயும் அப்படித்தான் என்றார்கள். அறிக்கையை வெளியிட்ட துறையின் இணையதளத்திலும் அப்படித்தான்.

அக்கா தன் பிரதியை எடுத்துப் பிரித்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், பஸ் டிக்கெட் அளவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'வரி 9: இருந்திருக்கவில்லை என்பதை இருந்திருக்கிறார் எனத் திருத்தி வாசிக்கவும்.' புத்தகம் வந்து பல மாதம் கழித்துத்தான் இப்படிப்பட்ட பிழைதிருத்தங்கள் தனி உறையில் வரும். புத்தகத்தைத் தேடி எடுத்து ஒட்டப் பலருக்குப் பொறுமை இருக்காது. அவள் ஒட்டியிருந்தாள். ஒட்டிய தேதிகூட ஓரத்தில் அவள் கையெழுத்தில் இருந்தது.

படம் எடுத்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். ஒரு மணி நேரம் கழித்துப் போன கடிதத்தில் ஒரே வரிதான்: 'எங்கள் பிரதியில் இது இருக்கிறது.'

மறுநாள் அந்த மகளே தொலைபேசியில் அழைத்தாள்.

"மேடம், அந்தச் சீட்டு நிஜமா கவர்மெண்ட் அனுப்பினதா?"

"ஆமாம்மா. அச்சகத்து நம்பர் கீழ இருக்கு பாருங்க. ஒட்டினது நான்தான்."

"அம்மாவுக்கு மூணு தடவ படிச்சுக் காட்டினேன் மேடம். 'எனக்குத்தான் தெரியுமே, என்னை எவன் கேட்டான்'னு சொல்லிட்டு சமைக்கப் போயிட்டாங்க. அப்புறம் போய்ப் பாத்தா, அடுப்பே பத்த வைக்கல. சும்மா நின்னுட்டிருக்காங்க."

"உக்காரச் சொல்லுங்கம்மா" என்றாள் அக்கா.

குழுவில் பாராட்டு குவிந்தது. இரண்டு நாள் தாங்கிக்கொண்டாள். மூன்றாம் நாள் நீளமாக எழுதினாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இந்தச் சீட்டுகள் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. ஒரு பை நிறையக் குப்பையில் போட்டிருக்கிறாள். ஒரு வக்கீல் வந்து திருத்தம் எங்கே என்று கேட்ட பிறகுதான் புரிந்தது. அந்த வருடத்துச் சீட்டுகள் யாரிடமாவது இருந்தால் படம் அனுப்ப முடியுமா?

"கிடைச்ச நல்ல பேரை நீயே கெடுத்துக்கறியே!" என்றார் கணவர்.

"அந்தப் பைக்குள்ளயும் யாரோட அப்பாவாவது இருந்திருப்பாருல்ல?"

ஒரு நாள் முழுக்கப் பதிலே இல்லை. பிறகு ஒருவர் எழுதினார்: 'எங்களிடம் ஒரு செருப்புப் பெட்டி நிறைய ஒட்டாத சீட்டுகள் இருக்கின்றன. சொல்ல வெட்கமாக இருந்தது.' அடுத்து இன்னொருவர். வார முடிவுக்குள் பத்தொன்பது பேர்.

இப்போது புதன்கிழமைதோறும் ஒருவர் தன்னிடமுள்ள சீட்டுகளின் பட்டியல் போடுகிறார், மற்றவர்கள் தங்கள் பிரதியோடு ஒப்பிடுகிறார்கள். பெரும்பாலும் புள்ளி இடம் மாறிய எண்கள், தெருப் பெயரில் எழுத்துப் பிழை. அக்கா எல்லாவற்றையும் ஒரே மாதிரி கவனமாக ஒட்டுகிறாள்.

பாய்லர் அறிக்கையின் இணையதளப் பிரதியைத் திருத்தச் சொல்லித் துறைக்கு ஒன்பது கடிதம் போட்டாள். பதினான்கு மாதம் கழித்துச் சீட்டை ஏற்றினார்கள், கோப்பின் கடைசிப் பக்கமாக, தலைகீழாக. பத்தாவது கடிதத்தை அன்றைக்கே எழுத உட்கார்ந்தாள்.