பழையதன் மேல் ஊற்றிய கொங்கிறீட்

மட்டக்களப்பு வாவியோரத்து ஊர் ஒன்றின் நகரசபையில் நான் பொறியியலாளர். சின்னத் தெருக்களான ஒழுங்கைகளுக்குக் கொங்கிறீட் போடுவிப்பது என் பொறுப்பு. பழையதைக் கிண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது போடவேண்டும். அதற்கு ஒரு கிழமை கூடப் பிடிக்கும். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று என்று, ஓர் ஒழுங்கையில் மட்டும் பழையதன் மேலேயே ஊற்றச் சொல்லிவிட்டேன். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. சோம்பல், வேறென்ன!

வேலை தொடங்கிய அன்று காலை, அங்கே தனியாக வசிக்கும் வயதான உம்மா ஒருவர் முக்காட்டை இழுத்துவிட்டபடி வந்து என் முன்னால் நின்றார்.

"மகன், றோட்ட இன்னும் ஒசத்தினா மாரிக்குத் தண்ணி எங்கட ஊட்டுக்குள்ளதான் வரும். பழசக் கிண்டிப்போட்டுப் போடுங்களன்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் வேலையாட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வாய்க்கொழுப்பு சும்மா இருக்குமா?

"இங்க ஆரு உம்மா எஞ்சினியர், நீங்களா நானா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் உள்ளே போய்விட்டார்.

மாரி வந்தது. வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதென்ற அவருடைய முறைப்பாடும் என் மேசைக்கு வந்தது. எழுந்து போய்ப் பார்க்காமலே, 'வீடு தாழ்ந்த நிலத்தில் கட்டப்பட்டுள்ளது' என்று பதில் எழுதி, முத்திரை குத்தி அனுப்பினேன். சீ! அந்த வசனத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மனம் கேட்காமல் ஒருநாள் போனேன். வீட்டுக்குள் கணுக்காலுக்கு மேலே தண்ணீர். கட்டிலைக் கல் வைத்து உயர்த்தியிருந்தார். அடுப்படியில் மீன்குஞ்சுகள் ஓடித் திரிந்தன. ஏசப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஏசியிருந்தால் எவ்வளவு நல்லது!

"வாங்க மகன். அண்டைக்கு ஆக்களுக்கு முன்னால ஒங்களோட வாயாடிட்டன், மனசுல வெச்சிராதங்க. ஒங்கட கடிதத்தப் பக்கத்து ஊட்டுப் புள்ள வாசிச்சுக் காட்டினா. எங்கட மனுசன்தான் வெவரமில்லாமப் பள்ளத்துல கட்டிப்போட்டு மௌத்தாப் போயிட்டார். ஊட்டு நிலத்த எவ்வளவு ஒசத்தணும், செல்லுங்க மகன்?"

'இல்ல உம்மா, பிழை என்னில.' நாலே சொல். தொண்டை வரைக்கும் வந்தது.

பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து வாசலில் பிடித்துப் பார்த்தேன். பழியை அந்த இறந்துபோன கணவரின் தலையிலேயே விட்டுவிட்டு, "ஒரு அடி உம்மா" என்றேன்.