மஞ்சள் சீல்

மணலி கன்டெய்னர் யார்டை விட்டு வெளியே வந்து திருவொற்றியூர் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். சட்டைப்பையில் ஒரு மஞ்சள் சீல் கிடந்தது. திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். கன்டெய்னர் கதவில் மாட்டுகிற பிளாஸ்டிக் பட்டை அது. இழுத்துப் பூட்டினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர். அன்று காலை சீல் உடைந்து வந்த பெட்டிக்கு 'சரி' என்று எழுதச் சொன்னார் சூப்பர்வைசர். பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஒன்பதாம் வகுப்பை விட்டதும் இப்படித்தான். அப்புறம் எத்தனை வேலையை விட்டேன் என்று எனக்கே நினைவில்லை.

லாரிப் புழுதிக்குள் போன் அடித்தது. வெளிநாட்டில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த என் தங்கை.

"ண்ணா, சொல்றத மொத்தமா கேளு. நடுவுல கத்தாத."

கல்லூரி மூலம் அவள் அறை எடுத்திருந்த வீட்டின் சொந்தக்காரன் குளியலறைக்குப் போகும் வழியில் நின்று உரசுகிறானாம். அவள் இல்லாதபோது அறைக்குள் வந்து உள்ளாடைகளைக் கலைத்து வைக்கிறானாம். கேட்டால், எல்லாம் உன் பிரமை என்று சிரிக்கிறானாம்.

என் கால் நின்றுவிட்டது. "கெளம்பி வந்துடும்மா. படிப்பு கெடக்குது."

"நான் இன்னாத்துக்கு வரணும்? எதுன்னா ஒண்ணுன்னா நடையக் கட்றது நீ. நான் படிக்க வந்துகீறேன்."

சிறுமியாக இருந்தபோது நான் கொண்டுவரும் வெட்டிய சீல்களின் நம்பரை வாசித்துத்தான் அவள் எண்ணே கற்றாள். வெளிநாடு போகும்போது பெட்டி ஜிப்பில் மாட்டக் கொஞ்சம் புது சீல் கொடுத்தனுப்பியிருந்தேன். மீதியிருந்ததில் ஒவ்வொன்றாகத் துணி அலமாரியின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து மாட்டியிருக்கிறாள். காலையில் நம்பரோடு ஒரு படம், சாயங்காலம் வெட்டப்பட்டிருந்தால் இன்னொரு படம். இரண்டு தடவை வெட்டியிருக்கிறான்.

"மூணாவது தபா வெட்டிட்டு, கடையில வாங்குன மஞ்சப் பட்டைய மாட்டி வச்சிகீறான். நம்பரே இல்ல. அத யாரு பாக்கப் போறான்னு நெனச்சிகீறான், லூசு."

அந்தப் படங்களோடு ஒரு மணி நேரத்தில் கல்லூரிப் புகார் அலுவலகத்துக்குப் போகிறாளாம். கூடப் படிக்கும் பெண் ஒருத்தி துணைக்கு வருகிறாள். பிறகு, "ரோட்டு சத்தம் கேக்குது, நீ வேலைக்குப் போகலியா?" என்றாள். காலையில் நடந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பொட்டி நம்பர எழுதி வச்சியா?"

"இல்ல."

"அப்ப அந்தாளு சொன்னதுதான் நிக்கும்" என்று வைத்துவிட்டாள்.

திருவொற்றியூரில் வழக்கமாகப் போகும் டீக்கடையில் உட்கார்ந்தேன். நாலு டீ குடித்தேன். ஐந்து மணிக்கு மேல் போன் வந்தது. படங்களைப் பார்த்தவுடன் அவளை விடுதிக்கு மாற்றிவிட்டார்கள். இனி அந்த வீட்டுக்கு எந்த மாணவியையும் அனுப்பமாட்டார்களாம். போலீஸ் புகாரிலும் அவளே கையெழுத்துப் போட்டுவிட்டாள். "கிளாஸுக்கு லேட்டாச்சு" என்று வைத்துவிட்டாள்.

"தங்கச்சி இன்னா பண்ணுது?" என்றார் டீ மாஸ்டர், என் முகத்தைப் பார்த்து.

"கிளாஸுக்குப் போயிருக்குது" என்றேன். அதையே இன்னொரு தடவையும் சொன்னேன்.

அவள் பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. பட்டமளிப்பு அன்று அனுப்பிய படம் என் போனில் இருக்கிறது. ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அன்று சட்டைப்பையில் கிடந்த மஞ்சள் சீல்தான். அவள் போன் செய்ததற்கு மறுநாள் காலை எண்ணூர் சாலையில் வேறொரு யார்டின் கேட்டில் போய் நின்றேன்.

"இன்னா வேல தெரியும்?" என்றார் மேனேஜர்.

சட்டைப்பையிலிருந்த சீலை அவர் மேசைமேல் வைத்தேன். "சீல் பாப்பேன் சார். ஒடைஞ்சிருந்தா நம்பரோட எழுதிடுவேன். யாரு சொன்னாலும் அழிக்க மாட்டேன்."

"இன்னிக்கே வேலைக்கு நில்லு" என்றார்.