ஓட்டன் சமவெளியின் சிவப்புப் பூவும் மஞ்சள் பூவும்

கபிலன், சுதா, உங்க விஞ்ஞான டீச்சர் கேட்ட ரெண்டு பூவையும் கொண்டுவருவேன் என்று சொல்லித்தான் போனேன். நம்ம நாட்டுப் பூ ஒன்று, வெளிநாட்டிலிருந்து வந்தது ஒன்று. வெறுங்கையோடு வந்ததும் சுதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நடந்ததைக் கேளுங்க.

காலை ரயிலில் நானும் உங்க அம்மாவும் ஹட்டனில் ஏறி, பட்டிப்பொலையில் இறங்கினோம். அங்கிருந்து பாரூக் நானாவின் வேனில் மேலே பத்து கிலோமீட்டர் சொச்சம். ஓட்டன் சமவெளி வனப் பூங்கா வாசலில் ரொட்டி சுற்றியிருந்த பொலித்தீனை வாங்கிக்கொண்டு கடதாசி கொடுத்தார்கள். பாரூக் நானாவும் எங்களோடு நடந்தார்.

பாதையோரம் மகா ரத்மல் மரம். முறுக்கிக்கொண்ட கிளை, கொத்துக்கொத்தாகச் செக்கச்சிவந்த பூ. பக்கத்தில் அதன் கன்று, புதுத் தளிரோடு நின்றது. "டக்" என்று சத்தம். அம்மா கையில் கொழுந்து!

"அம்மா, எடுக்க வேணாம்!" காவலர் ஓடி வந்தார். சிங்களவர், தமிழ் பேசினார்.

அம்மா கொழுந்தைச் சட்டென்று அவரிடம் நீட்டினாள். "கை தானா போயிருச்சுங்க மாத்தையா."

"இந்தக் கைக்கு லீவே கிடையாது மாத்தையா, தேயிலைக் கொழுந்து பறிக்கிற தோட்டத்துக் கை," என்றார் பாரூக் நானா. காவலருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த வகை மரம் இலங்கையின் உயர்ந்த மலைகளைத் தவிர வேறெங்கும் கிடையாதாம். இலையைக்கூடத் தொடக்கூடாது, சட்டம்.

கொஞ்ச தூரத்தில் ஆட்கள் மஞ்சள் பூச்செடியைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பெயர் கோர்ஸ். உடம்பெல்லாம் முள், பூவிலோ தேங்காய் வாசம்! வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, இப்போது மற்றச் செடிகளை நெருக்கிக்கொண்டு பரவுகிறது.

"இத பிடுங்குங்க அம்மா, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்," என்றார் காவலர்.

"கொழுந்துக்கு ஏச்சு, முள்ளுக்கு உபசாரமா?" என்றவள், சால்வையைக் கையில் சுற்றி ஒரு கன்றை வேரோடு இழுத்துப் போட்டாள். கை தட்டினார்கள்.

"இதையாவது பிள்ளைகளுக்குக் கொண்டுபோகட்டுமா?" என்று காவலரிடம் கேட்டேன்.

"வேணாம் ஐயா. விதை மண்ணோட ஒட்டிக்கிட்டு ஊர் ஊராப் போகும். அப்புறம் உங்க ஊர்லயும் நாங்கதான் வந்து தோண்டணும்."

ஆகவே ரெண்டையும் போனில் படம் எடுத்து வந்தேன். டீச்சரிடம் காட்டுங்க. தேயிலையும் வெளியே இருந்து வந்ததுதானே என்று கபிலன் கேட்பான். ஆமாம். ஆனால் தேயிலை வைத்த வரிசையில் நிற்கும். கோர்ஸ் நிற்காது.

அன்று சாயந்தரம் நீங்க டியூஷனுக்குப் போன பிறகு, நான் தனியாக அடுப்படியில் உட்கார்ந்து, என் சப்பாத்திலும் அம்மாவின் சப்பாத்திலும் ஒட்டியிருந்த மண்ணை ஈர்க்குச்சியால் சுரண்டிக் கடதாசியில் சேர்த்து, அப்படியே மடித்து நெருப்பில் போட்டேன். விதை இருந்ததோ இல்லையோ.