ஊர் மாப்பிள்ளையின் இடது கால்

பெக் இன்சு கொரியாவில் நான்கு பருவம் சம்பளத்துக்கு உதைபந்து விளையாடியவர். மாசான் துறைமுகத்துப் பிள்ளை. எண்பத்து மூன்றில் அங்கே தொழில்முறைப் போட்டிகள் தொடங்கிய மறுவருடமே ஓர் அணியில் இடதுகரை ஓட்டக்காரராக இடம் பிடித்துவிட்டார். கோட்டோடு ஒட்டிப் பறப்பார். பந்தை வளைத்து உள்ளே போடுவார். கோல் அடித்த பெயரை வேறு யாராவது தட்டிக்கொண்டு போவார்கள். வலது கால் பஸ் ஏற மட்டும்தான் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். தேசிய அணியின் முகாமுக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள், கூப்பிட்ட கையோடு திருப்பி அனுப்பியும் விட்டார்கள்.

எண்பத்தெட்டில் லண்டனிலுள்ள ஒரு சின்னக் கழகம் ஆடிக் காட்டச் சொன்னது. வந்தார். சேற்றில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் முழங்கால் திரும்பிச் சவ்வு அறுந்தது. அத்தோடு பந்துக் கதை முடிந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட யாழ்ப்பாணத்து நர்ஸ் இம்மாகுலேற்றைக் கலியாணம் செய்தார். நியூ மோல்டனில் ஒரு கொரியக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இனி ஓடினால் கால் போய்விடும் என்று டாக்டர் சொன்னபோது தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பந்தை நினைத்து அவர் ஒருநாளும் அழுததில்லை.

அழுதது இம்மாகுலேற்தான். ஈஸ்ட் ஹாமில் இருந்த தமையன் பெனடிக்ற் கலியாணத்துக்கு வரவில்லை. ரெலிபோனில் அவள் குரல் கேட்டால் வைத்துவிடுவார். சீனனைக் கட்டினவள் என்று சொல்லித் தங்கச்சியைத் தலைமுழுகிவிட்டார். கொரியா வேறு, சீனா வேறு என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. சொன்னாலும் கேட்கிற மனுசன் இல்லை.

தொண்ணூற்று நாலு கோடையில், லண்டனில் இருக்கும் யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கங்களின் உதைபந்தாட்டம் வான்ஸ்டெட் வெளியில் நடந்தது. இம்மாகுலேற் கணவரோடு போய், தமையன் கண்ணில் படாமல் மைதானத்தின் மற்றப் பக்கம் நின்றாள். பெனடிக்ற்தான் அவர்களுடைய ஊர் அணியின் தலைவர். இறுதி ஆட்டம், அதுவும் பக்கத்து ஊரோடு. இடதுகரைக்காரன் ஷிப்டில் மாட்டிக்கொண்டதால் பத்துப் பேரோடு ஆடி, இடைவேளைக்குள் ஒரு கோல் வாங்கிவிட்டார்கள்.

"அண்ணை, உங்கட தங்கச்சியின்ர மனுசன் அங்கால நிக்கிறார். புரொபெஷனல்!" என்றான் அணியில் ஒருவன்.

பெனடிக்ற் வேண்டாம் என்று சொல்லவில்லை. அணிக்காரர் ஓடிப்போய்க் கேட்டார்கள். இம்மாகுலேற் கணவரின் முழங்காலைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தாள். அவர் யாரோ தந்த பூட்ஸை மாட்டினார். போட்டி விதியை அவளே ஒருநாள் அவருக்குச் சொல்லியிருந்தாள்: ஊரில் பிறந்தவர் ஆடலாம், ஊரில் பெண்ணெடுத்தவரும் ஆடலாம், வேறு ஒருவரும் கூடாது. மாப்பிள்ளை என்று அணித் தலைவர் வாயால் சொல்லவேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் இறங்கினார்.

"சீனாக்காரனை இறக்கிறாங்கள்!" என்று எதிரணி கத்தியது.

நடுவர் குருமூர்த்தி வந்தார். "பெனடிக்ற், இவர் ஆர்?"

பெனடிக்ற் புல்லைப் பார்த்தார். பெக்குக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. தேசிய முகாமில் பெயர் வாசித்தபோதுகூட இப்படி அடித்ததில்லை.

"ஊர் மாப்பிள்ளை."

"பிலத்துச் சொல்லுங்கோ!" என்றார் நடுவர், காதில் கையை வைத்துக்கொண்டு.

"மாப்பிள்ளை! என்ர கூடப்பிறந்தவளின்ர மனுசன்!"

பெக் ஒருதரம் கோட்டோடு பறந்தார். பந்து அழகாக வளைந்து உள்ளே போனது. ஊர் அணிக்காரன் ஒருவன் அதைத் தலையால் அடித்துக் கோலுக்கு வெளியே அனுப்பினான். அடுத்த ஓட்டத்தில் முழங்கால் போயிற்று. ஆட்டமும் போயிற்று.

தோற்றதைச் சனம் மறந்துவிடும். நாலுபேர் முன்னால் சொன்னதை மறக்காது. மாப்பிள்ளை காலுடைந்து கிடக்கிறார், மச்சான் போய்ப் பார்க்கவில்லையா என்று ஈஸ்ட் ஹாம் கடைகளில் கேட்கத் தொடங்கினார்கள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு, ஒரேஞ்சும் திராட்சையுமாக பெனடிக்ற் நியூ மோல்டனுக்கு வந்து சேர்ந்தார். காலை நீட்டிக்கொண்டிருந்தவருக்கு எதிரே உட்கார்ந்து கார்ப்பெட்டைப் பார்த்தார்.

"மச்சான், இனி ஓட ஏலுமோ?"

"ஏலாது," என்றார் பெக், மனைவியிடம் பழகிய தமிழில்.

"அப்ப நத்தார்ப் பெருநாளுக்கு நான் காரிலை வந்து ரெண்டு பேரையும் வீட்டை கூட்டிக்கொண்டு போறன்."

தேத்தண்ணி கொண்டுவந்த இம்மாகுலேற் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் ஓவென்று அழுதாள். பெக்குக்குக் கால் விண்விண்ணென்று வலித்தது. மனதுக்கு நன்றாக இருந்தது.