தம்பியின் கழுத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி

போன வாரம் கிள்ளானில் என் தம்பி குமரனின் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கார் சிக்னல்கூடப் போடாமல் குறுக்கே நுழைந்தது. குமரன் பிரேக்கை மெல்ல அழுத்தினான்.

"போகட்டும் லா அக்கா... அவருக்கு என்ன அவசரமோ!"

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குமரன் பல வருடங்களாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். பின்னால் பிள்ளைகள் சண்டை போட்டாலும், சீட்டில் சாக்லேட்டைப் பூசினாலும், "துடைச்சா போயிடும்" என்பான். அப்படிப்பட்டவன் சில மாதங்களுக்கு முன் ஆளே மாறிப்போனான்.

சாப்பாடு இரண்டு மடங்கு. ஆனால் போட்ட சிலுவார், அதாவது காற்சட்டை, இடுப்பில் நிற்கவில்லை! காற்றாடி முழு வேகத்தில் சுற்றியும் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. பக்கத்தில் அவன் மனைவி வசந்தி போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். "ஜிம்முக்குப் போறியா? ஸ்மார்ட்டா ஆயிட்டியே!" என்று நண்பர்கள் பாராட்டினார்கள். வீட்டிலோ, எதைத் தொட்டாலும் கோபம். தேநீர் ஆறியிருந்தால் கோபம்... சூடாக இருந்தால் அதைவிடக் கோபம்.

"அக்கா, இவரு என்கிட்ட எதையோ மறைக்கிறாரு" என்று வசந்தி என்னிடம் அழுதாள்.

ஒரு நாள் மதியம், ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தர்ஷினி தண்ணீர்ப் போத்தலைத் தேடிக்கொண்டு தாமதமாக வேனுக்கு வந்தாள். குமரன் கத்திய கத்தலில் வேனே அமைதியாகிவிட்டது. பிள்ளை வீடு போய்ச் சேரும்வரை அழுதிருக்கிறாள். மறுநாளே அவள் அம்மா போன் செய்து, "இனிமே என் மகள் உங்க வேன்ல வரமாட்டா" என்று சொல்லிவிட்டார்.

அன்று குமரன் என்னை அழைத்தான். "அக்கா, எனக்குப் பைத்தியம் பிடிக்குதா?"

அந்தக் குரலைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? நானும் வசந்தியும் அவனை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் இளம்பெண். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஓடி வந்தீங்களா அண்ணே?" என்றார். அரை மணி நேரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் அவன்!

"ரெண்டு கையையும் நீட்டுங்க." விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் படபடவென்று நடுங்கியது. எச்சில் விழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். முடிவு வந்தது. தைரோய்டு.

கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் ஒரு சின்னச் சுரப்பியாம். உடம்பு எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அது சுரக்கும் ஹார்மோன்தான் முடிவு செய்கிறதாம். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இன்னொரு சுரப்பி... அதுதான் இதற்கு மேலதிகாரி. தைரோய்டு அதிகமாகச் சுரந்தால், மேலதிகாரி 'சுர' என்ற உத்தரவை நிறுத்திவிடும். குமரனுக்கும் நிறுத்திவிட்டது. ஆனால் தைரோய்டு அடங்கவில்லை!

"ஆக்ஸலரேட்டர் மாட்டிக்கிச்சு... அப்படித்தானே டாக்டர்?" என்றான் குமரன். டாக்டர் சிரித்துவிட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்து, நடுக்கம் அடங்கும்வரை வேனைத் தொடக் கூடாது என்றார். நண்பர் ஒருவர் அதுவரை ஓட்டினார்.

இதே தைரோய்டு குறைவாகச் சுரந்தால் சோர்வும் வருமாம், அழுகையும் வருமாம். எனக்கு ஒரே யோசனை. முன்கோபி, சோம்பேறி, அழுமூஞ்சி என்று எத்தனை பேருக்குப் பட்டம் கொடுத்திருக்கிறோம்! அதில் எத்தனை பேருக்குத் தேவைப்பட்டது ஒரு ரத்தப் பரிசோதனை மட்டும்தானோ? (அதற்காக, இன்றைக்கே மாமியார் கழுத்தைத் தடவிப் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள்.)

வீட்டுக்கு வந்ததும் குமரனுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா வசந்தி? உன்னைத் திட்டுனது நான் இல்ல, தைரோய்டு!"

வசந்தி அவனை நேராகப் பார்த்தாள். "திட்டுனது தைரோய்டா இருக்கலாம். கேட்டது என் காதுதானே?"

குமரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ மெதுவாகச் சொன்னான். நான் சமையலறைப் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

சில வாரங்களில் வியர்வை குறைந்தது. தூக்கம் வந்தது. டாக்டர் அனுமதி கொடுத்ததும் குமரன் முதலில் போனது தர்ஷினி வீட்டுக்கு. நானும் கூடப் போனேன். அம்மாவின் பின்னால் ஒளிந்து நின்ற பிள்ளையின் முன் குனிந்து உட்கார்ந்தான்.

"அங்கிள் கழுத்துல ஒண்ணு ஒழுங்கா வேலை செய்யலம்மா. ஆனா உன்னைப் பாத்துக் கத்துனது தப்பு. ஸாரி."

"எங்க... காட்டுங்க?" தர்ஷினி எட்டிப் பார்த்தாள். விரலால் அவன் கழுத்தை மெல்லத் தொட்டாள். "வலிக்குதா அங்கிள்?"

அடுத்த திங்கட்கிழமை அவள் வேனில் ஏறினாள். பழைய இடம், ஜன்னலோரம்.

சுரப்பி கோளாறு செய்தால் மாத்திரை இருக்கிறது... ஸாரியை மட்டும் நாம்தான் சுரக்க வேண்டியிருக்கிறது!