மூன்றாம் தடவை கேட்டால்தான் ஆமாம்

கத்தாரில், ராஸ் லஃபானில் எங்கள் சைட் ஆபீஸில் டீ போடுவது என் வேலை. பத்து வருஷம் டீ போட்டுப் பழகிய எனக்கே இரண்டு பேர் தண்ணி காட்டினார்கள்.

ஒருவர் இன்ஜினியர், அயர்லாந்துக்காரர். மற்றவர் மேனேஜர், கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து என்ற தீவுக்காரர். மேனேஜரின் முப்பாட்டனுக்குப் பாட்டன் மீன் பிடிக்க அயர்லாந்திலிருந்து கப்பலேறிப் போனவராம். அதற்குப் பிறகு குடும்பத்தில் ஒருத்தரும் அயர்லாந்தை எட்டிப் பார்த்ததில்லை. ஆனாலும் இருவருக்கும் ஒரே இழுவைப் பேச்சு. “ஆமாம்” என்பதை மூச்சை உள்ளே இழுத்தபடி சொல்வார்கள். முதல் நாள் ஆஸ்துமா என்று நினைத்துத் தண்ணீரோடு ஓடினேன்.

டீ வேண்டுமா என்றால் இருவரும் வேண்டாம் என்பார்கள். சரியென்று நான் திரும்பினால் முகம் வாடிவிடும். இரண்டாம் தடவையும் வேண்டாம். மூன்றாம் தடவை, “நீ இவ்வளவு சொல்றே, ஒரு அரை கப் குடு” என்பார்கள். பிறகு மூன்று கப் போகும். அட, இது எங்கள் அறந்தாங்கிப் பக்கத்து வழக்கமாச்சே! கூப்பிட்ட உடனே இலையில் உட்கார்ந்தால் சோற்றுக்கு அலைகிறவன் என்றுதானே ஊர் பேசும்? ஒருநாள் கடைசித் துண்டு கேக்கை “நீங்க எடுங்க, நீங்க எடுங்க” என்று இருவரும் தள்ளித் தள்ளி, மூன்று நாள் காய்ந்த பிறகு நான்தான் தூக்கிப் போட்டேன்.

கடைசியில் அந்த வழக்கம் என் தலையிலேயே விடிந்தது.

ஊரில் என் மகளுக்குப் பத்து மாதம். போனில்தான் பார்த்திருந்தேன். ஆலையையே நிறுத்திப் பழுதுபார்க்கும் பிளாண்ட் ஷட்டவுன் வருவதால் யாருக்கும் லீவு இல்லை என்றிருந்தார்கள். அன்று மேனேஜர் கூப்பிட்டார். “ஒரே ஒருத்தருக்கு லீவு தரலாம். போயிட்டு வர்றியா?”

என் பாழாய்ப்போன வாய், “பரவாயில்ல சார், வேலை இருக்கே” என்றது.

“நிஜமாவா? குழந்தையப் பார்க்கப் போகலையா?”

“இருக்கட்டும் சார். வேற யாருக்காவது குடுங்க.”

இனி மூன்றாவது. அவர் வாயைத் திறந்தார். போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். பின்னாலேயே ஓடி “வேணும் சார்” என்று சொல்லலாம்தான், நாக்கு எழவில்லை. கெட்டிலைத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பத் துடைத்தேன்.

திரும்பி வந்தவர் வேறொருவர் பெயரை எழுதப் பேனாவை எடுத்தார். பக்கத்து மேஜையிலிருந்து அயர்லாந்துக்காரர் கத்தினார்.

“யோவ், இன்னும் ஒரு தடவை கேளும்! அவன் ரெண்டு தடவைதானே வேண்டாம்னான்?”

“ரெண்டுதானா? போன் வந்ததுல எண்ணிக்கை விட்டுப்போச்சு. மூணு ஆயிடுச்சுன்னு நெனச்சேன்.”

இருவரும் விரல் விட்டு எண்ணினார்கள். குழந்தையைப் பற்றிக் கேட்டது தனிக் கணக்கா, அதே கணக்கா என்று ஐந்து நிமிஷம் வாக்குவாதம். என் உயிர் போய்க்கொண்டிருந்தது. ஒருவழியாக மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

“சரி, போறி...”

அவர் முடிக்கவில்லை. ஆமாம் என்றேன், மூச்சை உள்ளே இழுத்தபடி.

இந்தக் கூத்தையெல்லாம் போனில் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். வீட்டில் என்னைக் கண்டதும் மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கை நீட்டினேன். வீறிட்டாள். பொம்மையைக் காட்டி மறுபடி நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டாள். கையை மடக்கிக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது.

“ரெண்டு தடவைதானே கேட்டீங்க?” என்றாள் மனைவி. “ஒங்க மகதானே அவ. இன்னொரு தடவை கேளுங்க.”